கிடங்கு எங்கே போயிற்று?

1

பழைய புத்தகக் கடையில் மேனேஜ்மெண்ட் படிப்புக்கான பாடநூல் ஒன்று கையில் அகப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் அந்த வரிசைப் பக்கம் திரும்புவதில்லை. நாவல், தத்துவம், அரசியல் என்று துழாவிவிட்டு வந்துவிடுகிறோம். மூலதனத்தின் குணம் பற்றி இதழ் இதழாக எழுதுகிற நமக்கு, அது தன் நிர்வாகிகளுக்கு வகுப்பறையில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறது என்று எட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. பார்த்திருக்க வேண்டும். அவர்கள் ரொம்ப வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்கள்.

அந்த நூலின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு படம். நடுவில் ஒரு கட்டம். அதற்குப் பெயர் ‘நிறுவனம்’. அதை நோக்கி மூன்று பக்கங்களிலிருந்து அம்புகள் பாய்கின்றன. ஒன்று சந்தையின் நெருக்குதல்: போட்டி, வாடிக்கையாளரின் மாறும் ருசி. இரண்டாவது தொழில்நுட்பத்தின் நெருக்குதல்: நேற்று வாங்கிய யந்திரம் இன்றைக்குப் பழசு. மூன்றாவது சமூகத்தின் நெருக்குதல்: அரசு, சட்டம், சுற்றுச்சூழல். கட்டத்துக்குள்ளே நிறுவனத்தின் ‘எதிர்வினைகள்’ வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில், வீட்டைத் தாங்கும் அஸ்திவாரம் மாதிரி ‘தகவல் தொழில்நுட்பம்’. நெருக்குதல் வருகிறது, நிறுவனம் எதிர்வினை புரிகிறது, கம்ப்யூட்டர் ஒத்தாசை செய்கிறது. பாடம் முடிந்தது.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். அம்புகள் எல்லாமே உள்ளே வருகின்றன. வெளியே போகிற அம்பு ஒன்றுகூட இல்லை. வந்த நெருக்குதல் அத்தனையும் கட்டத்துக்குள் போய் என்ன ஆயிற்று? கம்ப்யூட்டர் அதைத் தின்றுவிட்டதா? காற்றடைத்த பையை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படத்தில் வரையப்படாத அந்த மறுபக்கம் எது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

கம்ப்யூட்டர் பற்றி நம்மிடம் இரண்டு தயார் பதில்கள் உண்டு. ஒன்று, அது வேலையைப் பறிக்கிற யந்திரம். மற்றது, அது முன்னேற்றம், எதிர்ப்பவர்கள் பழமைவாதிகள். இரண்டு பதில்களுமே பேச்சைச் சீக்கிரம் முடித்துவிட உதவுபவை. இரண்டுமே கம்ப்யூட்டரைத் தெய்வமாகவோ பிசாசாகவோ பார்க்கின்றன. அது ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்து எந்த இடத்தில் உட்காருகிறது, எதற்குப் பதிலாக உட்காருகிறது என்று கேட்பதில்லை. நாம் அங்கிருந்து தொடங்குவோம்.

2

வியாபாரத்தில் நெருக்குதல் என்பதன் சாரம் என்ன? தெரியாமைதான். அடுத்த மாதம் எத்தனை சட்டை விற்கும்? நீலம் போகுமா, பச்சை போகுமா? மழை பெய்தால் சந்தைக்கு ஆள் வருமா? நூல் விலை ஏறுமா? இதெல்லாம் முன்கூட்டித் தெரிந்துவிட்டால் வியாபாரம் வெறும் கூட்டல் கழித்தல். தெரியாததால்தான் அது கழுத்தைப் பிடிக்கிறது.

இந்தத் தெரியாமைக்கு வியாபாரிகள் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த உபாயம் கிடங்கு. எது விற்கும் என்று தெரியவில்லையா, எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கி அடுக்கி வை. கிடங்கு சரக்கை வைக்கிற இடம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது தெரியாமையைப் போட்டுப் பூட்டி வைக்கிற இடம். அதற்குச் செலவு உண்டு. முடங்கிக் கிடக்கிற பணத்துக்கு வட்டி, இடத்துக்கு வாடகை, எலி, பூச்சி, காவல்காரர் சம்பளம். மார்க்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில் சுற்றோட்டச் செலவுகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சரக்கிருப்புப் பிரச்சினையை விரிவாக எடுத்துக்கொள்கிறார். நமது வாசிப்பு வட்டங்கள் முதல் தொகுதியோடு நின்றுவிடுவதால் அந்தப் பக்கங்கள் நமக்கு அவ்வளவு பரிச்சயமில்லை.

1973இல் ஜே கால்பிரெய்த் என்கிற அமெரிக்க நிர்வாகவியலாளர் (பொருளாதார அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த் வேறு, இவர் வேறு) நிறுவனங்களின் அமைப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு நிறுவனத்தின் வேலையில் தெரியாமை கூடக்கூட, அது கையாள வேண்டிய தகவலும் கூடுகிறது என்பது அவர் வாதம். சமாளிக்கச் சில வழிகளைச் சொல்கிறார். அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, தொய்வு வைத்துக்கொள்வது. கூடுதல் சரக்கு, கூடுதல் ஆள், கூடுதல் நாள் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கையிருப்பு. இன்னொன்று, தகவல் அமைப்புகளில் பணம் போட்டு, என்ன நடக்கிறது என்பதை உடனுக்குடன் தெரிந்துகொள்வது.

அதாவது, தகவலும் தொய்வும் ஒன்றுக்கு ஒன்று மாற்று. தெரியாத இடத்தில் தொய்வு வேண்டும். தெரிந்துவிட்டால் தொய்வைக் கழற்றிவிடலாம். கம்ப்யூட்டர் நிறுவனங்களுக்கு ‘எப்படி உதவுகிறது’ என்பதன் பெரும்பகுதியை இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம். கிடங்கு இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்காருகிறது.

ஆனால் தொய்வு என்பது முதலாளிக்குச் செலவு மட்டும்தானா? கயிற்றில் தொய்வு இருந்தால்தான் அதன் மறுமுனையில் கட்டப்பட்டவர் நகர முடியும். சரக்கு கையிருப்பில் இருக்கும்போது ஒரு தொழிலாளி காய்ச்சலென்று இரண்டு நாள் படுக்கலாம். கெடுவில் நாலு நாள் கூடுதலாக இருக்கும்போது யந்திரம் நின்றால் டீ குடிக்கப் போகலாம். நிர்வாகவியல் ‘வீண்’ என்று கணக்கெழுதுகிற இடத்தில் இன்னொருவருடைய மூச்சு இருக்கிறது.

3

தொய்வைக் கழற்றுவதில் உலகத்துக்கே வாத்தியார் ஜப்பானின் டொயோட்டா. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் இதைக் கம்ப்யூட்டர் இல்லாமலேயே தொடங்கினார்கள்.

1949-50இல் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. விற்காத வண்டிகள், அடைக்க முடியாத கடன். ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். முடிவில் சுமார் 2000 பேர் வெளியேற, கம்பெனித் தலைவர் கீச்சிரோ டொயோடாவும் பதவி விலகினார். விற்பனையாகாத சரக்கு ஒரு கம்பெனியையே விழுங்கிவிடும் என்ற பயம் அங்கிருந்து வந்தது. தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் 1950களில் ஒரு முறையைப் படிப்படியாக உருவாக்கினார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த பொருளின் இடத்தை மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார் அல்லவா, அதேபோல் அடுத்த பிரிவு எடுத்துக்கொண்டதை மட்டுமே முந்தைய பிரிவு செய்ய வேண்டும் என்பது யோசனை. எடுத்ததற்கு அடையாளம் ஒரு அட்டை. அதுதான் ‘கான்பன்’. அட்டை வந்தால் செய், வராவிட்டால் செய்யாதே.

ஆக, தகவல் தொழில்நுட்பம் என்பதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. ஒரு துண்டு அட்டை போதும். தேவைக்கு அதிகமான தகவல் தொழிற்சாலைத் தளத்தைக் குழப்பவே செய்யும் என்று எண்ணியவர் ஓனோ. அவருக்கு வேண்டியிருந்தது சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போகிற ஒரே ஒரு சேதி.

அட்டை சுற்றச்சுற்ற கிடங்கு சுருங்கிற்று. நெருக்குதல்? அது நகர்ந்தது. முதலில் உதிரிபாகம் செய்து தரும் சிறு கம்பெனிகளுக்கு. பெரிய கம்பெனி கையிருப்பு வைக்காது. கேட்ட மணிக்குச் சரக்கு வாசலில் நிற்க வேண்டும். தாமதிக்காமல் இருக்க லாரிகள் முன்கூட்டியே வந்து வெளியே காத்துக் கிடந்தன. பொதுச் சாலையையே கிடங்காக்கிவிட்டார்கள் என்று 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிலேயே விமர்சனம் எழுந்தது. அடுத்து, தொழிலாளியின் நிமிஷங்களுக்கு. 1972இல் சதோஷி கமாதா என்ற பத்திரிகையாளர் தற்காலிகத் தொழிலாளியாக டொயோட்டாவில் சேர்ந்து, கன்வேயர் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் உடல் படும் பாட்டை நாட்குறிப்பாக எழுதினார். 1973இல் வெளியான அவர் நூல் பேசுவது இந்த மறுபக்கத்தைத்தான். மேனேஜ்மெண்ட் பாடநூல்களில் ஓனோ இருக்கிறார், கமாதா இல்லை.

இன்னொரு சம்பவத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஐசின் செய்க்கி என்ற துணைக் கம்பெனியின் காரியா ஆலையில் தீப்பிடித்தது. பிரேக்கில் பொருத்துகிற ஒரு சிறிய வால்வு. டொயோட்டா வண்டிகளுக்கு அநேகமாக முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் பெரும்பாலும் நின்றுபோயின. ஒரு வாரத்துக்குள் நிலைமையை மீட்டது எது? வால்வே செய்து பழக்கமில்லாத பல கம்பெனிகள் (தையல் மெஷின் செய்யும் பிரதர் உட்பட) தங்கள் பட்டறைகளை ஒழித்துக்கொடுத்து வரைபடங்களை வாங்கி இரவு பகலாகக் கடைந்து கொடுத்தன. அங்கே கைகொடுத்தது தொழில் தெரிந்த மனிதர்களின் கையறிவும், ஒரு பட்டறை இன்னொன்றுக்கு ஒதுக்கித்தந்த இடமும் நேரமும். அதாவது தொய்வு. சிஸ்டம் ‘வீண்’ என்று துடைத்துப்போட்டது எதுவோ, அதுதான் சிஸ்டத்தைத் தூக்கி நிறுத்தியது. 2022 மார்ச் 1ஆம் தேதி இதே கதை வேறு வேஷத்தில் வந்தது. ஒரு சப்ளையர் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் இணையத் தாக்குதலுக்கு ஆளாக, டொயோட்டாவின் ஜப்பானிலுள்ள 14 ஆலைகளும் ஒரு நாள் மூடப்பட்டன.

4

தொழிற்சாலைக்குள் சுற்றிய அட்டை எப்படிக் கடைத்தெருவுக்கு வந்தது?

1974 ஜூன் 26. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டிராய் நகரில் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரிக்லி சூயிங்கம் பொட்டலம் கறுப்புக் கோடுகளை ஒளிக்கண்முன் காட்டிவிட்டுப் போயிற்று. வணிகத்துக்கான பொதுப் பார்கோடு கடையில் பயன்பட்ட முதல் நிகழ்ச்சி அது. கவுண்டரில் சீக்கிரம் பில் போடலாம், விலைச்சீட்டு ஒட்டுகிற வேலை மிச்சம் என்றுதான் முதலில் பேசினார்கள். பெரிய மாற்றம் வேறு எங்கோ நடந்தது. இதுவரை எந்தப் பொருள் எப்போது விற்றது என்பது, மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது தெரிகிற சங்கதி. இப்போது ஒவ்வொரு ‘பீப்’ சத்தமும் ஒரு கான்பன் அட்டை.

இதன் மதிப்பு புரிய, ஜே ஃபாரஸ்டர் 1961இல் எழுதிய ‘தொழில்துறை இயங்கியல்’ நூலின் அடிப்படை விஷயம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எளிமையாக ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். கடையில் வாரம் 100 விற்ற பொருள் ஒரு வாரம் 110 விற்கிறது. ‘இனி மவுசு கூடும்’ என்று கடைக்காரர் 120 ஆர்டர் செய்கிறார். மொத்த வியாபாரி தன் பங்குக்குப் பாதுகாப்பாக 140. ஆலை 180 செய்கிறது. அடுத்த மாதம் விற்பனை பழையபடி 100. ஆலையில் ஆட்டம் க்ளோஸ். ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. பின்னாளில் நிர்வாகவியலாளர்கள் இதற்குச் ‘சாட்டை விளைவு’ என்றே பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர். ஆனால் சாட்டையின் நுனி யார் முதுகில் விழுகிறது என்பது அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை.

கடையில் உண்மையில் எவ்வளவு விற்றது என்பது சங்கிலியின் எல்லாக் கண்ணிகளுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் இந்த வீச்சு குறையும். இங்கே கம்ப்யூட்டரின் உதவி நிஜமானது. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வால்மார்ட் 1987இல் தன் கடைகளையும் கிடங்குகளையும் தலைமை அலுவலகத்தையும் இணைக்கும் சொந்தச் செயற்கைக்கோள் தொடர்பை நிறுவி முடித்தது. 1991இல் ‘ரீடெய்ல் லிங்க்’ வந்தது. சரக்கு சப்ளை செய்கிற கம்பெனி, தன் பொருள் எந்தக் கடையில் எவ்வளவு விற்றிருக்கிறது என்பதைத் தானே பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு நல்ல மனசு! தகவலைப் பகிர்ந்துகொள்கிறார்கள்!

கொஞ்சம் பொறுங்கள். பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அடுத்த வரி ‘பார்த்துக்கொள்ள வேண்டியது உன் பொறுப்பு’ என்பது. அலமாரி காலியானால் இனி கடைக்காரர் குற்றமல்ல, உன் குற்றம். சரக்கு தேங்கினாலும் உன் குற்றம். சில கடைகளில் பொருள் ஸ்கேன் ஆகி வாடிக்கையாளர் கைக்குப் போகிற நொடிவரை அது சப்ளையரின் சொத்து. அலமாரியில் இருக்கும்போதுகூடக் கடைக்காரர் பணம் அதில் முடங்குவதில்லை. தகவல் பொதுவானது, அதனால் வருகிற நெருக்குதல் மட்டும் கீழே இருப்பவருக்குத் தனியுடைமை. கிடங்கு மறைந்துபோகவில்லை. பலவீனமானவர் வீட்டுக்கு அது இடம் மாறியிருக்கிறது.

5

சட்டையின் விலைச்சீட்டில் இருக்கிற கறுப்புக் கோடு ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ‘பீப்’ என்கிறது. அந்தச் சத்தம் திருப்பூரில் எப்படிக் கேட்கிறது?

திருப்பூருக்கும் அந்தக் கடைகளுக்கும் இடையே உள்ள உறவு புதிதல்ல. உள்நாட்டுக்குப் பனியன் நெய்துகொண்டிருந்த ஊர் 1970களின் கடைசியில் ஏற்றுமதிக்குள் காலெடுத்து வைத்து, 1990களில் நாட்டின் பின்னலாடை ஏற்றுமதித் தலைநகராயிற்று. பெரிய ஆர்டர், நீண்ட தவணை, வருஷத்துக்குச் சில ‘சீசன்’ என்பது பழைய கதை. இப்போது ஆர்டர் சின்னது, டிசைன்கள் நிறைய, நாட்கள் கம்மி. ஸ்பெயினின் ஸாரா போன்ற நிறுவனங்கள், கடையில் விற்பதைப் பார்த்து அதற்கேற்ப வாரக்கணக்கில் புதுசு இறக்குகிற முறையை உலகப் பழக்கமாக்கிவிட்டன. ஸாராவே அவசரச் சரக்கைப் பெரிதும் தன் பக்கத்து நாடுகளில் தைத்துக்கொள்கிறது. ஆனால் அந்த வேகம் ஒரு அளவுகோலாகிவிட்டது. மற்ற கடைக்காரர்கள் அதே வேகத்தைத் தூரத்து ஊர்களிடமிருந்தும் கேட்கிறார்கள்.

இந்த வேகம் ஊருக்குள் இறங்குகிற படிகளைப் பாருங்கள். பையர் கடைசி நிமிஷத்தில் நிறத்தை மாற்றுகிறார். மெர்ச்சண்டைசருக்கு மெயில் வருகிறது. துணி சாயப்பட்டறையிலிருந்து ரெண்டு நாள் தாமதமாக வருகிறது. ஷிப்மெண்ட் தேதி மட்டும் நகராது. தவறினால் கப்பலுக்குப் பதில் விமானத்தில் தன் செலவில் அனுப்ப வேண்டும், அல்லது விலையில் தள்ளுபடி தர வேண்டும். லாபம் முழுக்க அதிலேயே போய்விடும். ஏற்றுமதியாளர் என்ன செய்வார்? அவரிடம் மீதமிருக்கும் ஒரே தொய்வு தொழிலாளியின் நேரம். திருப்பூரில் யாரையாவது வேலை எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் பதில் வராது. ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பார்கள். அவசரம் என்றால் ராத்திரியும் சேரும். அந்த ‘அரை’தான் நாம் தேடிய மறுபக்கம். மிலானிலோ நியூயார்க்கிலோ வாடகை கொடுத்துப் பூட்டி வைத்திருந்த கிடங்கு, இங்கே ஒரு தையல்காரப் பெண்ணின் சாயங்காலமாக மாறியிருக்கிறது. ஆர்டர் வராத மாதத்தில் அவருக்கு அரை ஷிப்டும் இல்லை, முழு ஷிப்டும் இல்லை. பீஸ் ரேட் ஆளுக்கு வேலையில்லாத நாளின் கூலியை எந்த சாஃப்ட்வேரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடைக்கும் தையல் மேஜைக்கும் நடுவே இருந்த தொய்வெல்லாம் கழற்றப்பட்டுவிட்டதன் அர்த்தம் 2020இல் அப்பட்டமாகத் தெரிந்தது. கொரோனாவால் மேற்கத்தியக் கடைகள் மூடப்பட்ட சில நாட்களுக்குள், 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் ரத்து செய்யப்பட்டோ நிறுத்தப்பட்டோ இருப்பதாக பங்களாதேஷ் ஆடை உற்பத்தியாளர் சங்கம் அறிவித்தது. தைத்து முடித்த சரக்கும் அதில் அடக்கம். கண்ணிகளுக்கு இடையே இடைவெளி இல்லாத சங்கிலியில் அதிர்ச்சியும் அதே வேகத்தில்தான் பயணம் செய்யும். சேதி வந்த வேகத்தில் பணம் வரவில்லை.

6

சரக்கிருப்பில் தொடங்கிய இந்தத் தருக்கம் சரக்கோடு நிற்கவில்லை. தேவைக்குமேல் சட்டை வைத்திருப்பது வீண் என்றால், தேவைக்குமேல் ஆள் வைத்திருப்பது மட்டும் வீண் இல்லையா? அமெரிக்கச் சங்கிலிக் கடைகளிலும் காபிக் கடைகளிலும் இதற்கென்றே சாஃப்ட்வேர் வந்தது. பழைய விற்பனைக் கணக்கைப் பார்த்து, எந்த மணிக்கு எத்தனை வாடிக்கையாளர் வருவார் என்று கணித்து, அதற்கு ஏற்றபடி ஊழியர்களின் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கும். கூட்டம் இல்லையா, வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கடைக்குத் தெரியாமை குறைந்தது. ஊழியருக்குத் தெரியாமை பெருகியது: அடுத்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு சம்பளம், பிள்ளையை யாரிடம் விடுவது? தெரியாமையின் மொத்த அளவு அப்படியே இருக்கிறது. அதைச் சுமக்கிற ஆள்தான் மாறியிருக்கிறார். இதற்கு எதிராகத் தொழிலாளர்கள் போராடி சான் பிரான்சிஸ்கோவில் 2014இல் தொடங்கிப் பல நகரங்களில் சட்டம் கொண்டுவரச் செய்தார்கள். சியாட்டில் நகரச் சட்டப்படி (2017 முதல்) பெரிய சங்கிலிக் கடைகளும் உணவகங்களும் வேலை நேரத்தை 14 நாட்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அப்புறம் மாற்றினால் கூடுதல் ஊதியம். ‘14 நாள்’ என்பது என்ன? சட்டத்தின் மூலம் திரும்பப் பெற்ற தொய்வு.

நம் தெருவில் இதன் உச்சம் டெலிவரி செய்கிறவர்கள். ஹோட்டல் வாசலில், மரத்தடியில், பைக்கின் மீது சாய்ந்துகொண்டு போனைப் பார்த்தபடி நிற்கும் இளைஞர்களைத் தினமும் பார்க்கிறோம். ஆர்டர் விழுந்தால் காசு. விழாத நேரத்துக்கு? அங்கே நிற்பது ‘ஸ்டாக்’. எப்போது பசி எடுக்கும் என்று தெரியாத ஒரு நகரத்தின் தெரியாமைக்காக வைக்கப்பட்டிருக்கும் கையிருப்பு. வித்தியாசம் என்னவென்றால், பழைய கிடங்குச் சரக்குக்கு முதலாளி வாடகை கொடுத்தார், பூச்சி மருந்து அடித்தார். இந்தச் சரக்கு தன் பெட்ரோலைத் தானே போட்டுக்கொண்டு, தன் வெயிலைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கிறது. 2020-21இல் இந்தியாவில் இப்படிப்பட்ட வேலைகளில் 77 லட்சம் பேர் இருந்ததாக நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்கென்று குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது. வரவேற்க வேண்டிய காரியம்தான். ஆனால் கம்பெனிகள் ஒழித்துக்கட்டிய கிடங்கைப் பொதுப்பணத்தில் கட்டித் தருகிறோம் என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

7

சரி, என்ன செய்வது?

நமது தொழிற்சங்க இயக்கத்துக்குக் கம்ப்யூட்டரோடு நீண்ட உறவு உண்டு. 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டர் நிறுவப்படுவதை எதிர்த்துக் காவல் இருந்தார்கள். 1983இல் வங்கி ஊழியர் சங்கங்கள் நிர்வாகங்களோடு கம்ப்யூட்டர்மயமாக்கம் பற்றி ஒப்பந்தம் போட்டன. அவர்களைப் பிற்போக்காளர் என்று இன்றைக்குக் கேலி செய்வது சுலபம். அவர்கள் கேட்ட கேள்வி (எத்தனை பேருக்கு வேலை போகும்?) நியாயமான கேள்வி. ஆனால் அது பாதிக் கேள்வி. வேலை போகாத இடத்திலும், வேலை பெருகிய இடத்திலும்கூட (திருப்பூரில் பெருகத்தானே செய்தது) கம்ப்யூட்டர் ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. யார் காத்திருப்பது, யார் நஷ்டப்படுவது, யார் இரவில் விழித்திருப்பது என்பதை அது பங்கிட்டுக்கொண்டிருந்தது.

ஷோஷானா ஸுபாஃப் 1988இல் எழுதிய நூலில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகிறார். பழைய யந்திரம் வேலையை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வேலையையும் வாங்கிக்கொண்டு, அந்த வேலை நடந்த விதத்தைப் பற்றித் தகவலையும் உற்பத்தி செய்யும். காகித ஆலைகளில் அவர் இதைக் கவனித்தார். அந்தத் தகவல் இரண்டு வழியில் போகலாம். தொழிலாளிக்குப் போனால் அவர் தன் வேலையை முழுதாகப் புரிந்துகொண்டு அதன்மீது ஆளுமை பெறலாம். மேலாளருக்கு மட்டும் போனால் அதுவே கண்காணிப்புக் கோபுரம். எந்த வழி என்பதை யந்திரம் தீர்மானிப்பதில்லை. அதிகாரம் தீர்மானிக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியவை: நம் வேலையிலிருந்து கறக்கப்படும் தகவல் யாருக்குத் தெரிகிறது? அதை வைத்து எடுக்கப்படும் முடிவை யார் கேள்வி கேட்கலாம்? அதனால் மிச்சமாகும் கிடங்கு வாடகை யார் பைக்குப் போகிறது? இவை ஆகாயத்துக் கேள்விகள் அல்ல. 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊபர், ஓலா ஓட்டுநர்கள் தொடுத்த வழக்குகளில், தங்கள் கணக்கை முடக்கவும் வருமானத்தைத் தீர்மானிக்கவும் கணினி எடுத்த முடிவுகள் பற்றிய விவரங்களைப் பெற ஓட்டுநர்களுக்கு உரிமையுண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ராஜஸ்தான் சட்டமன்றம், இந்தியாவில் முதன்முதலாக, செயலிவழித் தொழிலாளர்களுக்கான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நல நிதிக்கு நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும் என்பதோடு, செயலியில் நடக்கும் பணப் பட்டுவாடாக்கள் ஒரு மைய அமைப்பில் பதிவாக வேண்டும் என்றும் அது சொல்கிறது. இதுவரை கீழிருந்து மேலே மட்டும் ஓடிய தகவலைப் பக்கவாட்டில் திருப்புகிற முயற்சி இது. 2025இல் கர்நாடகம் கொண்டுவந்த சட்டம், கணினி தானாக எடுக்கும் முடிவுகள் தொழிலாளிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டது. சட்டம் வந்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கேள்வியின் திசை மாறியிருக்கிறது என்கிறேன்.

பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் தோழியிடம் இதையெல்லாம் ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க லைன்ல மணிக்கு எத்தனை பீஸ் முடிஞ்சுதுன்னு போர்டுல ஓடும். அதை நாங்க பாக்கணும்னுதான் வெச்சிருக்காங்க. ஆனா அடுத்த மாசம் ஆர்டர் இருக்கா இல்லையான்னு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கும். அதை யாரும் எங்களுக்குக் காட்டறதில்ல. அது தெரிஞ்சா நான் சீட்டுப் போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்குவேன்.”

நான் இத்தனை பக்கத்தில் சொன்னதை அவர் இத்தனை சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அடுத்த மாச ஆர்டர் நிலவரத்தை ஒவ்வொரு லைனிலும் எழுதிப் போட வேண்டும் என்பதை நம் சங்கங்கள் கூலி உயர்வுக் கோரிக்கைக்குப் பக்கத்தில் ஒரு கோரிக்கையாகச் சேர்க்குமா? அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் அதைப் பற்றி விவாதிக்க வேண்டும்.